மணி அடிப்பதற்கு முந்தைய இரண்டு நிமிடம்

அந்தப் பையன் என் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது எனக்குப் பதினோரு வருட அனுபவம். அது எதற்கும் உதவவில்லை. முதல் வாரத்திலேயே நாலு தடவை வகுப்பை விட்டு ஓடினான். மற்ற நேரங்களில் மேசைக்கடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்வான். ஆட்டிசம் என்று அவன் அம்மா முன்பே சொல்லியிருந்தார். நானோ உள்ளுக்குள் பிடிவாதம் என்றுதான் எண்ணினேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு சிறப்பாசிரியர்தான் நோட்டுப் போடச் சொன்னார். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நாங்கள் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து அவரிடம் காட்டினேன். நடுப்பகுதியும் கடைசிப் பகுதியும் நிரம்பி வழிந்தன. முதல் பகுதி காலி. அவன் கத்திய பிறகுதான் நான் அவனைத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்!

அடுத்த வாரம் முன்னாலேயே பார்க்கத் தொடங்கினேன். ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் பாடம் மாறும் நேரம். மணி, நாற்காலிகளை இழுக்கும் சத்தம், நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுவது. ஒலி, ஒளி, தொடுகை இவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வதை, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எங்களுக்கு வெறும் மணியாக இருந்தது அவனுக்கு அடியாக விழுந்திருக்கிறது. அடம் பிடிக்கிற பிள்ளை, நாம் கவனிக்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். இவன் யாரையும் பார்க்கவில்லை. அதைக்கூட நோட்டு எழுதிய பிறகுதான் கவனித்தேன்.

உடனே உற்சாகமாக, அன்றைய எட்டுப் பாடவேளைக்கும் படம் வரைந்து சுவரில் ஒட்டினேன். ராத்திரி முழுக்க வேலை. அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எட்டு அவனுக்கு அதிகம். ‘இப்போது’, ‘அடுத்து’ என்று இரண்டே அட்டைகளை அவன் மேசையில் வைத்ததும் எடுபட்டது. மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு அட்டையைத் தொட்டுக்காட்டுவேன். அவனே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வான். ஒருநாள் ‘ஓவியம்’ என்று அட்டை சொல்ல, ஓவிய ஆசிரியர் விடுப்பு. அன்றைக்குப் பட்டது மறக்காது. மறுநாளே கேள்விக்குறி போட்ட அட்டை ஒன்று செய்தேன். மாறலாம், என்னவென்று இன்னும் தெரியாது என்று அர்த்தம். அதற்குப் பழக மூன்று வாரம் ஆனது.

பேச்சில் நான்தான் அதிகம் மாற வேண்டியிருந்தது. “காதைக் கொடுத்துக் கேள்” என்றால் காதைத் தொட்டுப் பார்ப்பான். “ஒரு நிமிஷம் இரு” என்றால் அறுபது எண்ணிவிட்டு எழுந்துவிடுவான். கேள்வி கேட்டதும் பதில் வராவிட்டால் வேறு வார்த்தைகளில் திருப்பிக் கேட்பது என் பழக்கம். உதவி என்று நினைத்தேன். அவனோ ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒரே தடவை கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணினேன். பத்து நொடி வகுப்பில் எவ்வளவு நீளம் தெரியுமா? ஏழிலோ எட்டிலோ பதில் வந்தது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று சொல்வதையும் விட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சரியான விடை சொல்பவனிடம் வேறென்ன வேண்டும்?

அவன் சம்பந்தமில்லாமல் “பையை எடுத்தாச்சா?” என்பான். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அம்மா கேட்கும் கேள்வியாம். ‘இங்கிருந்து போகணும்’ என்பதைத்தான் அவன் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரும்பாலும் ஓடுவதற்குச் சற்று முன்னால். ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012இல் இதை இரட்டைப் பரிவுச் சிக்கல் என்றார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. என் பக்கத்துப் புரியாமைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓடுவது அடியோடு நின்றுவிடவில்லை. மழை நாள்களில், ஆண்டு விழா ஒத்திகையில் ஓடினான். வருடக் கடைசியில் நாலாம் வகுப்பு ஆசிரியருக்காக ஒரு பக்கம் எழுதினேன். மருத்துவ அறிக்கையை அதற்குக் கீழே வைத்தேன். முதல் வரி: ‘பையை எடுத்தாச்சா என்று கேட்டால், கதவைத் திறந்துவிடுங்கள், கூடவே போங்கள், பேசாதீர்கள்.’