ஆச்சியின் சிங்கப்பூர்: மக்ரூனுக்கு அபராதம், சொதிக்கு நூற்றுக்கு நூறு

செலவுக் கணக்கு, தங்குமிடம், எம்ஆர்டி (அங்கத்திய மெட்ரோ ரயில்) வழி எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த வரிசை திருச்சி விமான நிலையத்திலேயே குலைந்துவிட்டது. கைப்பை 7 கிலோவைத் தாண்டிவிட்டதாம். தாண்ட வைத்தது, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆச்சியின், அதாவது அப்பாவைப் பெற்றவளின், வருட நினைவுப் பூசைக்கு வருகிறவர்களுக்கென்று எடுத்துப்போன தூத்துக்குடி மக்ரூன். "முட்டை வெள்ளையும் முந்திரியும் காற்றும்தானே தம்பி, இதற்கு என்ன கனம்?" என்று கேட்டேன். கவுண்டர் தம்பி சிரித்தார், காசை மட்டும் விடவில்லை. அந்தப் பணத்துக்கு இன்னும் நான்கு டப்பா வாங்கியிருக்கலாம்.

விமானமும் தாமதம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டி, ரயிலும் நின்றுவிட்டது. டாக்சியில் நடுநிசிக் கட்டணம் என்று மீட்டருக்கு மேலே 50 சதவிகிதம், விமான நிலையத்தில் ஏறியதற்குத் தனியாக ஒரு கட்டணம். ஒரு வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) ரூபாயாக மாற்றிப் பார்க்கிற பழக்கத்தை அந்த இரவிலேயே விட்டேன். விடாவிட்டால் தூக்கம் வராது. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் எடுத்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

பூசை ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலில். பூகிஸ் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் கட்டி முடித்த கோயில், பிரான்சிலிருக்கும் லூர்து கோயிலின் சாயலில். 2005-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். தமிழ்ப் பூசை கேட்டதும் ஊரில் இருப்பது போலவே இருந்தது, மின்விசிறிச் சத்தம் உட்பட.

எனக்கு எரிச்சல் வந்தது நினைவு அட்டையைப் பார்த்துத்தான். "பக்தியுள்ள இல்லத்தரசி, பாசமிகு பாட்டி." அவ்வளவே. பிரசங்கத்திலும் ஜெபம், பொறுமை, தியாகம். ஆச்சிக்குப் பொறுமையா? தேக்கா சந்தையில் மீன்காரரிடம் ஆங்கிலமும் இல்லாமல் சீனமும் இல்லாமல், "மகால் லா! போலே குராங்?" (விலை அதிகம்! குறைக்கலாமா?) என்று சந்தை மலாயிலேயே அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள். வாவல் மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நான்கடி நடந்துவிட்டுத் திரும்புவாள். அதற்குள் விலை இறங்கியிருக்கும். அப்படி மிச்சம் பிடித்த சில்லறை ஒரு மைலோ டின்னுக்குள் போகும். அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டில் பிள்ளைப்பேறு, யாருக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் அந்த டின்னுக்குத் தெரியும். அவளுடைய பக்தி அந்த வழியாகத்தான் போனது. இதைச் சொல்லாமல் பக்தி பக்தி என்றால் எப்படி?

அறுபதுகளின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாகத் தாத்தாவிடம் வந்து சேர்ந்தவள். மேல்தளப் பயணம், ஒரு வாரத்துக்கு வாந்தி, கையில் ஜெபமாலை. அப்பாவைப் படிப்புக்காகப் பெரிய ஆச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அதை மட்டும் கடைசிவரை பேசமாட்டாள்.

பூசை முடிந்து தோ பாயோவில் அத்தை வீட்டில் சாப்பாடு. இதற்காகவே இன்னொரு முறை விமானச் செலவு செய்யலாம். இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, பக்கத்தில் ஈக்கான் பிலிஸ் (நெத்திலி) சம்பால். எங்கள் ஊர்ச் சொதியில் எலுமிச்சை பிழிவோம். இங்கே ஆச்சி கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சை பிழியப் பழக்கிவிட்டிருக்கிறாள். பச்சைமிளகாய் வாசத்தோடு அந்தப் புளிப்பு ஏறும்போது, கூடவே மொறுமொறு நெத்திலி. மூன்று தட்டு சாப்பிட்டேன். மரினா பேயில் யாரோ சிபாரிசு செய்த கடைக்கு நான் போகவேயில்லை, போனவர்கள் பாவம்.

மறுநாள் அஸ்தி மாடத்துக்குப் போனோம். இங்கே ஒரு கதை உண்டு. தாத்தாவைச் சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்திருந்தார்கள். சிங்கப்பூரில் இன்னும் புதைக்க இடம் தருவது அது ஒன்றுதான். 1998-இல் வந்த விதிப்படி அங்கேயும் 15 வருடம்தான். பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். தாத்தாவின் முறை வந்தபோது ஆச்சி சொன்னாளாம்: "வாடகை வீடு மாதிரி காலி பண்ணச் சொல்றான் பாரு. என்னை நேரா எரிச்சிருங்க. ரெண்டு செலவு எதுக்கு?" சித்தப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. எரிப்பதற்குத் திருச்சபை 1963-லேயே அனுமதி கொடுத்துவிட்டது, சாம்பலைக் கடலில் தூவாமல் ஓரிடத்தில் வைத்தால் போதும் என்று சாமியாரிடம் கேட்டுவந்து சித்தப்பாவின் வாயை அடைத்தவள் ஆச்சியே. இப்போது இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மாடம்.

சனிக்கிழமை நொவேனா. ஒரு எம்ஆர்டி நிலையத்துக்கே பெயர் கொடுத்த நவநாள் வழிபாடு அது; தாம்சன் சாலை புனித அல்போன்சு கோயிலில் 1951-இலிருந்து நடக்கிறது. வழிபாடு ஆங்கிலத்தில். ஒரு வரி புரியாமல் ஆச்சி எத்தனையோ வருடம் விடாமல் போனாள். கூட்டத்தில் ஒரு சீனப் பாட்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மலாயில் ஏதோ சொல்லி, கைப்பையிலிருந்து 20 வெள்ளி எடுத்து நீட்டினார். எப்போதோ ஆச்சியிடம் வாங்கிய கடனாம். அத்தை வேண்டாம் என்கிறாள், அவர் திணிக்கிறார், பின்னால் நிற்கிறவர்கள் உஷ் என்கிறார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து அதை உண்டியலில் போட்டார்கள். ஆச்சியாக இருந்தால் வாங்கி, எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, நேராக மைலோ டின்னுக்குத்தான் கொண்டுபோயிருப்பாள்.