மூடியைத் திறக்காதேங்கோ

யூலை 14, திங்கள்

காலில் கட்டோடு நான் கட்டிலில், குசினியில் என் மனிசன். இரவுச் சாப்பாடு புட்டு. தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினேன். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். நல்லாயிருக்கு என்றேன். தொடங்கின உடனேயே மனிசன் மனம் விட்டுவிடக்கூடாது.

யூலை 15, செவ்வாய்

நித்திரை இல்லை. கட்டுக்குள்ளே ஒரே கடி. ஈர்க்கு விட்டுச் சொறியக்கூடாது என்று அந்த நேர்ஸ் பிள்ளை கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறது. ஈர்க்கு என்ற சொல்லே இப்போது எனக்குப் பெரிய ஆசை.

கடியை மறக்கப் புட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு கிடந்தேன். நேற்றுக் குசினியில் கேத்தல் கொதிக்கிற சத்தமே கேட்கவில்லை. பைப் தண்ணீரில் குழைத்திருக்கிறார். வறுத்த அரிசிமாவுக்குக் கொதிதண்ணீர்தான் வேண்டும், சூடு பட்டால்தான் மா தண்ணீரை உள்ளே இழுக்கும். பச்சைத் தண்ணீர் விட்டால் வெளியே ஈரம், உள்ளே வறட்டு மா. எவ்வளவு ஆவியில் வைத்தாலும் அது அப்படியேதான் கிடக்கும். தேங்காய்ப்பூவையும் அவித்த பிறகு மேலே தூவியிருக்கிறார், அலங்காரத்துக்கு.

காலையில் சொன்னேன். "உப்பை மாவில போடாதேங்கோ, தண்ணியில கரையுங்கோ. கொதிக்கக் கொதிக்கக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு அகப்பைக் காம்பால கிளறுங்கோ. சூடு ஆறினாப் பிறகு ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பாருங்கோ. கட்டியா நிக்கவேணும், பெருவிரலால தட்டினா உதிரவேணும். பிறகு சுண்டுப் பேணியால கொத்துங்கோ." எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். எழுதிவிட்டு, "கொஞ்சம் கொஞ்சமா எண்டா எத்தினை கரண்டி?"

அவித்த கோதுமைமாவும் பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னேன். பழகாத கைக்கு அது நல்லது, மெதுமையாக வரும். இவருடைய அம்மா இருந்திருந்தால் அதைப் புட்டு என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டா.

யூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. கூழ் பக்கத்து வீட்டு அக்கா தந்தா. கொழுக்கட்டையைத் தானே அவிக்கிறேன் என்று இவர் பிடிவாதம்.

மாவைக் கொதிதண்ணீரில் குழைத்தார், அதில் குறையில்லை. ஆனால் யன்னல் திறந்தபடி. சோளகக் காற்று வீசு வீசென்று வீசுகிறது, மா மேசையில் திறந்து கிடக்கிறது, இவர் ஒரு கொழுக்கட்டையின் ஓரத்துக்குப் பல்லுப் பிடிக்க ஒரு யுகம் எடுக்கிறார். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கட்டிலடிக்குக் கொண்டுவந்தார். பல்லு ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருந்தது. நடு வயிற்றில் மட்டும் நீளமாக ஒரு வெடிப்பு, அதற்குள்ளால் பயறும் பனங்கட்டியும் எட்டிப் பார்த்தன. விரலை நனைத்து அதன்மேல் தடவினேன், மூடிக்கொண்டது. "ஈரத்துணியால மாவை மூடி வையுங்கோ, அந்த யன்னலையும் சாத்துங்கோ."

"யன்னலைச் சாத்தினா வேர்க்குது."

"வேர்க்கட்டும்."

யூலை 18, வெள்ளி

சோறு, பருப்பு, சொதி. தேசிக்காய்ப்புளியைச் சொதி இறக்கின பிறகுதான் விட்டாராம். யாரும் கேட்காமலே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கறித்தூள் போத்தலைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். அரைவாசிக்குக் கீழே போய்விட்டது.

யூலை 20, ஞாயிறு

கோழி. இதை விரிவாக எழுதத்தான் வேண்டும்.

படுத்திருக்கிறவளுக்குக் குசினி சத்தமாகத்தான் வரும். வெங்காயம் தாளிக்கிற சத்தம் சரி. கறிவேப்பிலையும் ரம்பையும் வெடித்தது சரி. இறைச்சி போட்ட உடனே ஒரு அமர்க்களம், அதுவும் சரி. அதற்குப் பிறகு மூடி தொடங்கியது. டக். திறக்கிறார். டக். மூடுகிறார். அடுப்போ முழு வேகம். ஆவியெல்லாம் குசினிக்குப் போகிறது, சட்டி அடிப்பிடிக்கிறது, உடனே ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர், திரும்பவும் முழு வேகம். "இறக்குங்கோ" என்று கத்தினேன். "இன்னும் பத்து நிமிசம், எதுக்கும் வேகட்டும்."

இந்த "எதுக்கும்"தான் இந்த வீட்டில் எல்லாச் சாப்பாட்டையும் காய வைக்கிறது. வேகாமல் போய்விடுமோ என்று பயம். பயம் வரும்போதெல்லாம் பத்து நிமிசம்.

நெஞ்சுத் துண்டை வாயில் வைத்தேன், நார் நாராகப் பிரிந்தது. சுற்றி நிறையக் குழம்பு. இவருக்கு அதுதான் விளங்கவில்லை: "இவ்வளவு தண்ணி விட்டும் ஏன் காய்ஞ்சு கிடக்கு?" சூடு ஏற ஏற இறைச்சி சுருங்கித் தன்னுடைய தண்ணீரைத் தானே பிழிந்து வெளியே விட்டுவிடும். போன தண்ணீர் திரும்பி உள்ளே போகாது. மேலே விடுகிற தண்ணீர் குழம்பைக் கூட்டுமே தவிர இறைச்சிக்கு ஒன்றும் செய்யாது.

"அம்மா ஒரு மணித்தியாலம் விடுவா" என்றார். மாமி காய்ச்சினது ஊர்க்கோழி. ஓடித் திரிந்த கோழி, அதற்கு அந்த ஒரு மணித்தியாலம் வேண்டும். இது புறொயிலர். அரை மணித்தியாலமே தாராளம், நெஞ்சுத் துண்டுக்கு அதுவும் கூட. மாமியின் கையையும் கடைக் கோழியையும் சேர்த்து ஒரு சட்டியில் போட்டால் இப்படித்தான் வரும். இதைச் சொல்லவில்லை. சாப்பிடாமல் எழும்பிப் போய்விடுவார்.

யூலை 21, திங்கள்

மகள் ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்தாள். அப்பாவுக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு. கோழியின் உள்சூடு 74 பாகை வந்தால் போதுமாம், அதற்கு மேலே போகப் போக நெஞ்சிறைச்சி காயுமாம். இவர் போனை வைத்துவிட்டு நேரே அலுமாரிக்குப் போய்க் காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டரை எடுத்து வந்தார். அது 42இல் நின்றுவிடும் என்று சொல்லும்வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சிரித்ததில் கால் நொந்தது. ஆனாலும் சிரித்தேன்.

யூலை 23, புதன்

பாசையூரிலிருந்து அறக்குளா மீன். கூடவே கணவாயும் வாங்கி வந்துவிட்டார், மலிவாம்.

மீன் தப்பியது. குழம்பு கொதித்து, பழப்புளியின் பச்சை மணம் போன பிறகுதான் துண்டுகளைப் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு அகப்பையைத் தொடக்கூடாது, சட்டியைக் காதில் பிடித்து ஒரு சுழற்று. வால் துண்டு முதல் வெந்துவிடும், அதை முதல் எடுக்க வேண்டும். அடுப்பை நிற்பாட்டினாலும் சட்டிச் சூட்டில் மீன் வெந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே கொஞ்சம் முன்னாலேயே நிற்பாட்டச் சொன்னேன். முன்னாலேயே என்றால் எவ்வளவு என்று கேட்டார். கேட்பார் என்று தெரியும்.

கணவாய் பூனைக்கு. ஒன்றில், இரண்டு மூன்று நிமிசத்தில் இறக்க வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விட வேண்டும். இவர் நடுவிலே கால் மணித்தியாலத்தில் இறக்கினார். பூனையும் யோசித்துத்தான் தின்றது.

யூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. விடியவே கீரிமலைக்குப் போய்விட்டார். மச்சாள் வந்து காத்தோட்டிக்காய்க் கறியும் வைத்து, என் கட்டையும் பார்த்து, "இன்னும் கழட்டேல்லையோ?" என்றும் கேட்டுவிட்டுப் போனா. வீட்டில் மூடிச் சத்தம் இல்லாத நாள். நேரம் போகவேயில்லை.

யூலை 27, ஞாயிறு

நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முன்னம் கடைசி மச்சச் சாப்பாடு, கோழி. இந்த முறை நெஞ்சுத் துண்டுகளைப் புறம்பாக வைக்கச் சொன்னேன். உப்பும் தூளும் பிரட்டி ஒரு மணித்தியாலம் ஊறியது. முதலில் தொடையும் காலும், தேங்காயின் இரண்டாம் பாலில், அடுப்பு சின்னன், மூடி மூடியபடி. அவை வெந்துவருகிற நேரம் நெஞ்சுத் துண்டு. கடைசியில் முதற்பால், ஒரு கொதி வர நிற்பாட்டு.

மூடி ஒரு தரமும் சத்தம் போடவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, "ஒருக்கால் திறந்து பாருங்கோ" என்று கூப்பிட்டேன். "திறக்கக்கூடாது எண்டு நீர்தானே சொன்னனீர்?"

எலும்பை விட்டு இறைச்சி லேசாகக் கழன்றது. உள்ளே ஈரம். உப்பு மட்டும் கூட. ஊறப் போட்டதை மறந்து திரும்பவும் போட்டிருக்கிறார். சோற்றைக் கூடப் போட்டுச் சமாளித்தோம்.

யூலை 29, செவ்வாய்

கொடியேற்றம். மச்சச் சட்டியெல்லாம் கழுவிப் பரணில் ஏறிவிட்டது. 25 நாளும் மரக்கறி. நல்லூருக்குப் போகாத திருவிழா எனக்கு இதுதான் முதல்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். எலும்பு இன்னும் சரியாகப் பொருந்தவில்லையாம். திரும்பக் கட்டு.

ஓகஸ்ட் 2, சனி

கத்தரிக்காய்க் கறி வறண்டு போயிருந்தது என்று இவரில் எரிந்து விழுந்தேன். அப்படி ஒன்றும் வறளவில்லை. பருப்பும் சரி, ஆறினால் இறுகும் என்று இளக்கமாகவே இறக்கியிருந்தார். நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் செய்கிறார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது. அதுவும் ஒரு கோபம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

தூள் இன்னும் ஒரு கிழமைக்குக் காணாது. கடைத்தூள் இந்த வீட்டுக்குள் வராது. தானே வறுக்கிறேன் என்கிறார். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் குவித்தாயிற்று. கூட்டி அள்ளி ஒன்றாக வறுத்துவிடுவார் இந்த மனிசன். மல்லி ஒரு பதம், மிளகாய் ஒரு பதம், வெந்தயம் ஒரு கணம் கூட நின்றால் முழுத்தூளும் கசக்கும், இதையெல்லாம் சத்தத்தில் எப்படிப் பிடிப்பது, மணத்தில்தான் பிடிக்க வேண்டும், இந்தக் காற்றில் மணமும் பின் வளவுக்குத்தான் போகிறது. நாளைக்குக் கதிரையோடு என்னைத் தூக்கிக் குசினி வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி வருவான். தாச்சிச் சட்டியை எடுத்து வைத்துவிட்டாரோ தெரியாது, இஞ்சாருங்கோ என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டேன், பதிலைக் காணவில்லை