தினாவின் வரிகள்

அயல்மொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் தொழிலில் ஒரு பகுதி. புதிய படம் கைக்கு வந்ததும், எந்தப் பாத்திரம் எவ்வளவு பேசுகிறது என்று கோப்பை ஒரு முறை மேலோட்டமாக ஓட்டிப் பார்த்துவிடுவேன். அதிகம் பேசுபவரிடம் வேலை அதிகம், குறைவாகப் பேசுபவர் வந்தால் சற்று மூச்சு விடலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவள் தினா லொம்பார்தி என்ற ஒரு துணைப் பாத்திரம்.

அவள் வருவது ழான்-பியேர் ழெனே இயக்கி 2004இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில். அதன் பெயரைத் தமிழில் ‘நிச்சயதார்த்தத்தின் நீண்ட ஞாயிற்றுக்கிழமை’ என்று சொல்லலாம். செபஸ்தியான் ழப்ரிசோ 1991இல் வெளியிட்ட நாவலே அதற்கு மூலம். முதல் உலகப் போரின்போது, 1917 ஜனவரியில், போர்முனையிலிருந்து தப்புவதற்காகத் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று தண்டிக்கப்பட்ட ஐந்து பிரெஞ்சுச் சிப்பாய்கள், இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் இடையிலான வெற்று நிலத்தில் தள்ளிவிடப்படுகிறார்கள். அவர்களில் இளையவனான மனெக்குக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் மதில்த். அவன் இறந்துவிட்டான் என்பதை நம்ப மறுத்து, இளம்பிள்ளை வாதத்தால் நொண்டும் காலோடு அவள் ஊர் ஊராகத் தேடுவதுதான் கதை. மதில்த்தாக ஓத்ரே தொத்தூ நடித்திருக்கிறார். படம் இரண்டே கால் மணி நேரத்தை நெருங்கும். அதில் பாதிக்குப் பின்னணியில் ஒரு பெண் குரல் விடாமல் கதை சொல்லிக்கொண்டே போகிறது. சப்டைட்டில் எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மரியோன் கோத்தியார் நடித்த தினா, அந்த ஐவரில் இன்னொருவனான ஆன்ஜ் என்ற கோர்சிகக்காரனின் காதலி. அவளும் பாலியல் தொழில் செய்பவள், அவனும் அந்தத் தொழிலை நடத்திப் பிழைத்தவன். ஆகவே பார்வையாளரின் அனுதாபம் இயல்பாக மதில்த்தின் பக்கமே போகும்படி கதை அமைந்திருக்கிறது. ஆனால் இருவரும் தேடுவது ஒரே உண்மையை. மதில்த் கடிதம் எழுதுகிறாள், வழக்கறிஞரைப் பிடிக்கிறாள், துப்பறிவாளரை அமர்த்துகிறாள். பல இடங்களில் தினா அவளுக்கு முன்பே வந்து போயிருக்கிறாள், வந்து போன வழியில் அதிகாரிகளின் பிணங்களை விட்டுச் சென்றிருக்கிறாள். குடியரசுத் தலைவர் வழங்கிய மன்னிப்பை மேலதிகாரி ஒருவர் வேண்டுமென்றே அமுக்கிவைத்தார் என்று தெரிய வரும்போது, மதில்த்துக்கு எழ வேண்டிய கோபம் முழுவதையும் தினாதான் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரிந்தது. கதாநாயகி நல்லவளாகவே இருக்க வேண்டுமானால், அவள் செய்ய முடியாததைச் செய்ய ஒருத்தி வேண்டும். அந்தப் போரில் பிரெஞ்சு ராணுவம் தன் சொந்தச் சிப்பாய்களில் சுமார் 600 பேரை, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று சுட்டுக் கொன்றது என்பதை நினைத்தால், தினாவின் கோபத்தை ஒரு தனிப்பட்ட பெண்ணின் பழியுணர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது.

அவளுடைய வரிகள் என் கோப்பில் மிகக் குறைவு. படுக்கையில் கட்டிப்போடப்பட்ட அதிகாரிக்கு மேலே, கூரையில் பதித்த பெரிய நிலைக்கண்ணாடியைச் சுட்டு, அந்தக் கண்ணாடி அவன் மேல் நொறுங்கி விழும்படி அவள் செய்யும் காட்சியில் எனக்கு வேலை என்று சொல்ல அதிகம் இல்லை. ஆனால் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் அவளை மதில்த் சிறையில் சந்திக்கும் காட்சிக்கு மூன்று நாள் ஆயிற்று. முன்பின் அறியாத இருவர் என்பதால் முதலில் ‘நீங்கள்’ போட்டேன். வாசித்துப் பார்த்தபோது, வங்கிக் கவுன்டரில் இருவர் பேசிக்கொள்வதுபோல் இருந்தது. தினாவின் வாயில் ‘நீ’ என்று மாற்றினேன். சாகப்போகிறவளுக்கு மரியாதைப் பன்மையால் என்ன ஆகப்போகிறது? மதில்த்தின் ‘நீங்கள்’ மட்டும் அப்படியே நின்றது. உடனே இருவருக்கும் இடையே வயதும் அனுபவமும் சார்ந்த ஒரு தூரம் தானாக வந்துவிட்டது.

அடுத்த சிக்கல் நீளம். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, அவற்றை வாசித்து முடிக்கப் போதுமான நொடிகளும் கொடுத்தாக வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் வினைவிகுதியும் ஒட்டிக்கொண்டு சொற்கள் நீண்டுகொண்டே போகும். பொருள் எதுவும் விடுபடாமல் நான் எழுதிய முதல் வடிவத்தை ஓடவிட்டுப் பார்த்தபோது, என் கண் திரையின் அடியை விட்டு மேலே ஏறவே இல்லை. கோத்தியாரின் முகத்தை நானே பார்க்கவில்லை. கெஞ்சலும் இல்லாமல், வீராப்பும் இல்லாமல், செய்ததைச் செய்தேன் என்று சொல்லும் முகம் அது. அதைப் பார்க்கவிடாத மொழிபெயர்ப்பு எவ்வளவு சரியாக இருந்து என்ன பயன் என்று தோன்றியது. ஒவ்வொரு வரியையும் சுருக்கி, அவள் பேசி முடிப்பதற்கு ஒரு நொடி முன்பாகவே எழுத்து மறையும்படி நேரத்தை மாற்றினேன். நிமிடக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலில் இதற்கெல்லாம் தனியாகப் பணம் கிடைக்காது.

இந்தப் பாத்திரத்துக்காகக் கோத்தியாருக்கு 2005இல் பிரான்சின் திரைப்பட விருதான செசார், சிறந்த துணை நடிகைக்காகக் கிடைத்தது. பிற்பாடு பிரெஞ்சுப் பாடகி எதீத் பியாஃபாக நடித்து 2008இல் ஆஸ்கரும் பெற்றார். தினாவைப் பார்த்தவர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இருந்திருக்காது.

திரையிடலன்று ஒரு கூத்து நடந்தது. அங்கிருந்த கணினியில் தமிழ் எழுத்துரு சரியாக ஏறாமல், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தை விட்டுப் பிரிந்து, புள்ளி வட்டங்களோடு திரையில் மிதந்தன. பாதிப் படத்துக்குள் சிலர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் கடைசி வரிசையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். சிறைக் காட்சி வந்தபோது, வாசிக்க முடியாத என் வரிகளை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் தினாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கோப்பைத் திறந்தேன். எழுத்துருவை மாற்றிய பிறகு, அந்தக் காட்சியில் இன்னும் இரண்டு வரிகளை நீக்கினேன்.