கால் எட்டுமா?

மதுரையில் முதலில் ஸ்கூட்டர், பைக் விற்கும் ஷோரூமிலும் அப்புறம் புல்லட் விற்கும் இடத்திலும் விற்பனைப் பிரிவில் இருந்தேன். வண்டி பார்க்க வரும் ஆண்களின் முதல் கேள்வி ‘மைலேஜ் எவ்வளவு தரும்?’. குடும்பஸ்தர் என்றால் உண்மையிலேயே கேட்கிறார். கல்லூரி முடித்த பையன் என்றால், அந்தக் கேள்வி பக்கத்தில் நிற்கும் அப்பாவின் காதுக்கு. கை டேங்கைத் தடவிக்கொண்டிருக்கும். அவர்கள் தெரு மெக்கானிக் ‘அதுக்கு ஸ்பேர் கிடைக்காது தம்பி’ என்று சொல்லியிருந்தால், நாங்கள் எவ்வளவு பேசினாலும் எடுபடாது.

டெலிவரி அன்று பையன்கள் கேட்கும் இன்னொன்று: “அண்ணே, அந்த சேலை கார்டைக் கழட்டிருங்க, அசிங்கமா இருக்கு.” பின்சக்கரத்தில் துணி சிக்காமலிருக்கும் அந்தத் தடுப்பு மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. பின்னால் உட்காரப்போகும் அம்மாவைக் கேட்டால் வேறு பதில் வரும்.

பெண்கள் முதலில் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். இரண்டு பாதமும் தரையில் படிகிறதா, சென்டர் ஸ்டாண்ட் தனியாகப் போட வருகிறதா, முன்னால் பிள்ளை நிற்க இடம் இருக்கிறதா? நாங்களோ ரோஸ் கலரை முன்னால் நிறுத்துவோம். ‘அழுக்குத் தெரியாத கலர் காட்டுங்க’ என்பார் டீச்சர். விலையை மட்டும் கூட வந்த கணவரிடம்தான் பேசுவோம். 2018-ல் அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தபோது அது கொஞ்சம் மாறியது. லைசென்ஸும் சம்பளச் சான்றும் அவர்கள் கையில் இருந்தன. அப்போதும் டெஸ்ட் டிரைவ் ஓட்டியது கணவர்தான் என்பது வேறு கதை.

புல்லட் ஷோரூமுக்கு வந்த பெண்ணிடம் எல்லாரும் ‘வெயிட்டு தாங்குமாம்மா?’ என்றே கேட்டார்கள். கிளாசிக் 350-ன் எடை 195 கிலோ, சீட் உயரம் 805 மி.மீ. அதே கம்பெனியின் மீட்டியோர் மாடலும் 190 கிலோவுக்கு மேல்தான், ஆனால் சீட் 765 மி.மீ. அவர் அதில் உட்கார்ந்து வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கால் நன்றாக ஊன்றியது. புக் பண்ணிவிட்டார்.

அதே கம்பெனியின் ஹிமாலயன் 450 பைக்கின் சீட் 825 மி.மீ. ஐந்தரை அடி இருக்கும் அண்ணன்மார்கள் அதில் நுனிக்காலில் நின்றபடி ‘பழகிடும்’ என்று அட்வான்ஸ் கட்டுவார்கள். ‘கால் எட்டுதா சார்?’ என்று நாங்களும் கேட்பதில்லை, கேட்டால் கோபம் வரும். முதல் சர்வீஸுக்கு வரும்போது, சீட்டைக் கொஞ்சம் இறக்கித் தர முடியுமா என்று விசாரிப்பார்கள்.