பெஞ்சுல ரெண்டாவது சீட்டு

மார்ச் 6, 2025

எங்க காலேஜ் பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம் கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட் முதல் ரவுண்டுலயே தோத்தாச்சு. பஸ்ல யாரும் வாயத் தொறக்கல.

மார்ச் 10

அத்லெடிக் டைரக்டர் கூப்பிட்டார்னு நாங்க மூணு அசிஸ்டண்ட் கோச்சும் போனோம். உக்காரக்கூட சொல்லல. ஹெட் கோச்சை வேலையை விட்டு அனுப்பியாச்சாம், புது ஆள் வர்ற வரைக்கும் பொண்ணுங்கள பாத்துக்கணுமாம், அப்புறம் யார வச்சுக்கறதுங்கறது புது ஆளோட இஷ்டமாம். வெளிய வந்து கோச் ரூம எட்டிப் பாத்தா அதுக்குள்ள அட்டைப்பெட்டி எல்லாம் வந்து எறங்கிருக்கு. என்னப் பாத்ததும் "ரெசூமே ரெடியா?"ன்னு சிரிக்கறாங்க. இருட்டு ரூம்ல சினர்ஜிங்கற வீடியோ சாஃப்ட்வேர்ல மேட்ச் கிளிப் வெட்டிக்கிட்டு இருந்தவளை எழுப்பிட்டு வந்து பெஞ்சுல உக்கார வச்சவங்க அவங்கதான். என்ன சொல்றதுன்னே தெரியல, பெட்டிக்கு டேப் ஒட்டிக் குடுத்துட்டு வந்தேன்.

மார்ச் 11

எங்க பொண்ணுங்களுக்கு மட்டும் இன்னிக்கே டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் தொறந்தாச்சு, வேற காலேஜுக்கு மாறணும்னா அதுலதான் பேர் குடுக்கணும். மத்தவங்களுக்கு 25-ந் தேதிதான், ஆனா ஹெட் கோச் போயிட்டா மறுநாள்லேர்ந்து 30 நாள் டைம், அதான் இந்த வருஷ ரூல். ரூல் விஷயமெல்லாம் பாத்துக்கற கம்ப்ளையன்ஸ் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டா போதும், ரெண்டு வேலை நாள்ல பேர் ஏறிடும், அப்புறம் நாடு பூரா இருக்கற அசிஸ்டண்டுங்க போன் அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. எனக்குத் தெரியாதா, நானே வருஷாவருஷம் அடிக்கறவதானே.

12 போயிடுவாளா?

அவ பேர எங்கயும் எழுதப் போறதில்ல, ஜெர்சி நம்பர் 12 போதும். பிளஸ் டூ மாதிரி இங்க சீனியர் இயர், அதுல அவளுக்கு முட்டில ஏசிஎல் தசைநார் கிழிஞ்சுது. அதுவரைக்கும் அவ பின்னாடி சுத்துன பெரிய காலேஜெல்லாம் ஒவ்வொண்ணா சத்தமில்லாம கழண்டுக்கிச்சு. நான் விடல. இண்டியானால சின்ன ஊரு, ஊர் ஜனம் மொத்தமும் ஹைஸ்கூல் ஜிம்முக்குள்ள அடங்கிடும் போல இருந்துச்சு (நியூ காசில்னு ஒரு ஊரு இருக்கு, அங்க ஸ்கூல் ஜிம்லயே 8,000 பேருக்கு மேல உக்காரலாம், இந்த ஸ்டேட்டே அப்படித்தான்). அவங்க வீட்டு சாப்பாட்டு மேஜைல உக்காந்துருக்கேன், அவ முட்டில பிரேஸ், அவங்க அம்மா கோச்சைத் தாண்டி என்னைப் பாத்து கேட்டாங்க, இவ இருக்கற நாலு வருஷமும் நீ அங்க இருப்பியான்னு. இருப்பேன்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவாங்க அந்த இடத்துல?

மார்ச் 13

அம்மா போன். அதே ரயில்வே வேலைப் பேச்சு.

மார்ச் 16

செலக்‌ஷன் சண்டே. நேஷனல் டோர்னமெண்ட்ல ஆடப் போற 68 டீமை அறிவிக்கற நாள். டிவியே போடல, துணி மடிச்சேன்.

மார்ச் 19

ரெண்டு பேர் போர்ட்டல்ல போயாச்சு. ஒருத்தி நேர்ல வந்து அழுதுட்டுப் போனா, இன்னொருத்தி எமோஜி அனுப்புனா. 12 ஒண்ணும் சொல்லல, ஒர்க்கவுட்டுக்கு கரெக்டா வர்றா, ரீபவுண்டுக்கு இடம் புடிக்கற பாக்ஸ் அவுட் டிரில்ல, கூடைக்குக் கீழ ஆடற போஸ்ட் பொண்ணையே தள்ளிட்டு நிக்கறா. சீசன் இல்லாத நேரத்துல வாரத்துக்கு 8 மணி நேரம்தான் வேலை வாங்கலாம். மீதி நேரமெல்லாம் அவ என்ன யோசிக்கறா, யார் போன் பண்றாங்க, ஒண்ணும் தெரியாது.

கேக்கவும் முடியல. ‘இரு’ன்னு நான் எந்த வாயால சொல்றது, நானே இருப்பேனான்னு தெரியாதப்போ.

மார்ச் 22

விசா வக்கீல்கிட்ட பேசினேன். கான்ட்ராக்ட் ஜூன் 30 வரைக்கும். வேலை போனா அதுக்கப்புறம் இந்த நாட்டுல இருக்க 60 நாள். யுனிவர்சிட்டிலேர்ந்து இன்னொரு யுனிவர்சிட்டிக்கு மாறினா எச்1பி லாட்டரி கிடையாது, அது ஒண்ணுதான் ஆறுதல். வெளிய வேற எங்கயாவது போகணும்னா லாட்டரிதான். எங்க தொழில்ல ஒரு நாற்காலி காலியாச்சுன்னா உக்கார வர்றவங்க கூடவே தன் ஆளுங்களையும் கூட்டிட்டு வந்துடுவாங்க. அதுல நம்ம திறமை எங்க வருதுன்னே புரியல, நம்மள யாருக்குத் தெரியும்ங்கறதுதான் மொத்த விஷயமும்.

மார்ச் 24

யுஎஸ்சி டீமோட ஸ்டார் ஜூஜூ வாட்கின்ஸ் விழுந்துட்டா. மிஸ்ஸிசிப்பி ஸ்டேட்டோட மேட்ச், முதல் குவார்ட்டர்லயே, ரெண்டு பேருக்கு நடுவுல பூந்து போறா, முட்டி மடங்கிருச்சு. தூக்கிட்டுதான் போனாங்க. ராத்திரியே ஏசிஎல்னு சொல்லிட்டாங்க.

12 மெசேஜ். "கோச், பாத்தீங்களா." அவ்ளோதான். உடனே கூப்பிட்டேன், முக்கால் மணி நேரம் பேசிருப்போம், போர்ட்டல் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு முதல் தடவை குதிச்சப்ப எவ்ளோ பயந்தான்னு இன்னிக்குதான் சொல்றா.

மார்ச் 25

எல்லாருக்கும் தொறந்தாச்சு. போன் சூடு ஆறல. எதிர் டீம் அசிஸ்டண்ட் ஒருத்தி எங்கிட்டயே கேக்கறா, "உங்க 12 எப்படி, முட்டி தாங்குமா?"ன்னு. சிரிச்சுட்டு வச்சுட்டேன்.

ஏப்ரல் 4

டாம்பா. கைக்காசுதான். கோச்சஸ் கன்வென்ஷன், நேஷனல் டோர்னமெண்ட்ல கடைசி நாலு டீம் ஆடற ஃபைனல் ஃபோர் நடக்கற ஊர்லயே நடக்கும், கருத்தரங்கு அது இதுன்னு பேரு, நிஜமான வேலை ஹோட்டல் லாபிலதான். எல்லாரும் பேசிக்கிட்டே அடுத்தவங்க தோளுக்கு மேல பாத்துக்கிட்டு இருக்காங்க, பெரிய ஆள் யாராவது வர்றாங்களான்னு. எங்க ஊர்ல கல்யாண மண்டபத்துல ஜாதகம் பை நெறய வச்சிக்கிட்டு சுத்துவாங்களே மாமாங்க, அதே கூட்டம். நானும் சுத்துனேன். மூணு பேர் மெயில் பண்ணச் சொன்னாங்க.

ஏப்ரல் 6

ஃபைனல். யூகான் 82, சவுத் கரோலினா 59. யூகான்ல அஸி ஃபட் 24, சாரா ஸ்ட்ராங் 24 பாயிண்ட் 15 ரீபவுண்ட். அவங்களுக்கு 2016-க்கு அப்புறம் இப்பதான் கப்பு, இது 12-வது.

கூரைக்குப் பக்கத்துல சீட்டு. நான் பந்தையே பாக்கல, ரெண்டு பெஞ்சையும் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் கிறிஸ் டெய்லி, 1985-ல யூகான் ஹெட் கோச் ஜீனோ கூட அசிஸ்டண்டா வந்தவங்க, இன்னும் அதே சீட்டு. இந்தப் பக்கம் லிசா பாயர், சவுத் கரோலினா ஹெட் கோச் டான் ஸ்டேலி கூட டெம்பிள் யுனிவர்சிட்டில 2002-ல அசிஸ்டண்டா ஆரம்பிச்சாங்க. ஸ்டேலி எதையோ கத்திட்டு திரும்பறதுக்குள்ள இவங்க பதில் வச்சிருப்பாங்க. ஸ்டான்ஃபோர்டுல ஹெட் கோச் டாரா வாண்டர்வீர் போன வருஷம் ரிட்டயர் ஆனதும் வருஷக்கணக்கா அசிஸ்டண்டா இருந்த கேட் பேய்க்கே அந்த வேலையைக் குடுத்தாங்க. இப்படியும் நடக்குது. ஜெயிக்கற இடத்துல நடக்குது. தோக்கற இடத்துல அசிஸ்டண்டுக்கு ஏது வயசாகறது.

ஏப்ரல் 9

புது கோச் வந்தாச்சு. பேண்ட் வாத்தியம், போட்டோ, ‘கல்ச்சர்’ங்கற வார்த்தை நூறு தடவை. நல்லவங்க மாதிரிதான் தெரியுது, கைகுடுக்கறப்ப என் பேர சரியா சொன்னாங்க. கூட ரெண்டு பேர் வந்துருக்காங்க, அவங்களும் அசிஸ்டண்டுங்க.

ஏப்ரல் 10

கால் மணி நேரம் கூப்பிட்டுப் பேசினாங்க. நான் பண்ண ஸ்கவுட்டிங் ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டுப் போயிருந்தேன், தொறக்கவே இல்ல. "12 இருப்பாளா?" இதையேதான் மாத்தி மாத்தி கேட்டாங்க. அப்ப எனக்கு வெளங்கிருச்சு. அவ இருந்தா நான் இருப்பேன். அதை அவகிட்ட சொல்ல மாட்டேன், செத்தாலும் சொல்ல மாட்டேன். நேத்தோட எங்க 30 நாள் முடிஞ்சாச்சு, ஆனா பொது போர்ட்டல் 23 வரைக்கும் இருக்கு.

ஏப்ரல் 14

விசுவாவசு வருஷப் பொறப்பு. அம்மா வீடியோல மாங்கா பச்சடி காட்டினாங்க. "ஏண்டி, சதர்ன் ரயில்வே ட்ரையல்ஸ்க்கு அன்னிக்கே போயிருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால பர்மனெண்ட் வேலை, இன்னேரம் குவார்ட்டர்ஸ் கெடச்சிருக்கும், உங்கூட ஆடுனவ பாரு கார் வாங்கிட்டா." வழக்கமா சண்டை போடுவேன். இன்னிக்கு "ஆமாம்மா"ன்னேன். அம்மா பயந்துட்டாங்க, ஒடம்பு சரியில்லயான்னு கேட்டாங்க.

ராத்திரி டபிள்யூஎன்பிஏ டிராஃப்ட், காலேஜ் முடிக்கறவங்கள புரொஃபஷனல் டீமுங்க எடுக்கறது. யூகானோட பெய்ஜ் ப்யூக்கர்ஸ் முதல் பிக், டல்லஸ் டீம்.

ஏப்ரல் 16

12-வோட அம்மா கூப்பிட்டாங்க. எடுக்கல. மறுபடி கூப்பிட்டாங்க, எடுத்தேன். "உன்னை அவங்க வச்சுக்கறாங்களா இல்லயா, அதை மட்டும் சொல்லு"ன்னாங்க. தெரியாதுங்கன்னேன். "அப்ப அவ என்ன பண்ணனும்?" அவளுக்கு எது நல்லதோ அதப் பண்ணட்டும், என்னை கணக்குல சேக்காதீங்கன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "உன்னை நம்பித்தானே அனுப்பினேன்"னாங்க, கோவமா வருத்தமான்னு பிரிக்க முடியல.

ஏப்ரல் 17

நாளைக்கு காலைல 7 மணிக்கு கோச் ரூமுக்கு வரச் சொல்லி மெசேஜ். 12-க்கும் அதே மெசேஜ் போயிருக்கு, அவதான் சொன்னா. ரெண்டு பேரையும் ஒண்ணா எதுக்கு