டாவோஸ் (சுவிட்சர்லாந்து) நாட்குறிப்பு: புது இடுப்பு மூட்டோடு மறுபடி ஸ்கீ

அக்டோபர் 14

ஏப்ரலில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு ஆறாவது மாதம் முடிகிறது. "ஸ்கீ போகலாமா?" என்ற கேள்வி இந்த வாரம்தான் வரத் தொடங்கும். ஆறு மாதம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் எலும்பு மட்டும் இல்லை. தொடை எலும்புக்குள் இறக்கும், சிமென்ட் வைக்காத டைட்டானியத் தண்டின் சொரசொரப்பில் எலும்பு வளர்ந்து பிடிக்க 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரிந்துவிடும். மீதி மாதங்கள் தசைக்காக, முக்கியமாக இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸுக்காக.

சோதிப்பது சுலபம். கண்ணாடி முன் அறுவை செய்த காலில் மட்டும் 30 விநாடி நிற்க வேண்டும். எதிர்ப்பக்க இடுப்பு கீழே சரிந்தால் தசை இன்னும் தயாராகவில்லை. அடுத்து 20 செ.மீ. படியிலிருந்து அதே காலில் உடலைத் தாங்கி, மெதுவாக 10 முறை இறங்க வேண்டும். முட்டி உள்பக்கம் மடங்கக்கூடாது. இரண்டும் தேறாமல் சீசன் பாஸ் வாங்க வேண்டாம்.

இது ஏற்கெனவே ஸ்கீ தெரிந்தவர்களுக்கு மட்டும். புதிதாகக் கற்பவர் நாள் முழுக்க விழுவார். இந்த மூட்டை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

நவம்பர் 4

உங்களுக்குள் என்ன பொருத்தியிருக்கிறார்கள், எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அறுவையின் முன்னோடியான பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் சார்ன்லி 1962இல் பொருத்திய, தண்டின் தலையில் இருக்கும் பந்தின் விட்டம் 22 மி.மீ.தான். இன்று 32 அல்லது 36 சாதாரணம். பந்து பெரிதானால் இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்தை விட்டு வெளியேற அதிக தூரம் நகர வேண்டும், அதனால் நழுவுவது குறைகிறது.

பின்பக்கமாகத் திறந்தவர்களுக்கு ஆபத்தான சேர்க்கை: தொடை மேலே மடங்கி, உள்ளே சேர்ந்து, உள்பக்கம் திரும்புவது. ஸ்கீ முனைகள் குறுக்கே சிக்கி முன்னால் விழும்போது இதுவே நடக்கிறது. முன்பக்கமாகத் திறந்தவர்களுக்குக் கால் பின்னால் நீண்டு வெளிப்பக்கம் திரும்புவது ஆபத்து. ஸ்கீயின் வால் பனியில் குத்தி நின்றுவிட்டால் அது நேரும்.

மூட்டின் மேல் விழும் சுமையையும் பாருங்கள். நடக்கும்போது உடல் எடையின் சுமார் இரண்டரை மடங்கு. சாய்வு குறைந்த பாதையில் நீண்ட வளைவுகள் எடுத்தால் சுமார் 4 மடங்கு. செங்குத்தில் குறுகிய வளைவுகள் 7, 8 மடங்குக்குப் போகும். பனிமேடுகள் நிறைந்த மோகல் பாதை அதையும் தாண்டும். எளிதான நீலப் பாதையில் நீண்ட வளைவு மட்டும் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

நவம்பர் 25

இன்று பைண்டிங், அதாவது பூட்டை ஸ்கீயோடு பிடித்து, விழும்போது கழற்றிவிடும் பிடி. கடையில் ஐஎஸ்ஓ 11088 என்ற சர்வதேசத் தர அட்டவணைப்படிதான் வைப்பார்கள்: எடை, உயரம், பூட்டின் அடிப்பாக நீளம், வயது, ஸ்கீயர் வகை (நிதானமாகப் போகிறவர் 1, வேகமாகப் போகிறவர் 3). 72 கிலோ, 174 செ.மீ. உள்ள 58 வயதுக்காரர் 'கே' வரிசை. வகை 2 என்றால் ஒரு வரி இறங்கி 'எல்'. ஐம்பதைத் தாண்டியதால் ஒரு வரி ஏறி மறுபடி 'கே'. பழைய பெருமையில் வகை 3 என்று எழுதினால் 'எல்' ஆகிவிடும். பைண்டிங் பிடி இறுகும், விழும்போது ஸ்கீ கழலாமல் தொடையைத் திருகும்.

அதற்காக அட்டவணைக்கும் கீழே தளர்த்துவதும் தப்பு. இறுகிய பனியில் வளைவின் நடுவே ஸ்கீ தானாகக் கழன்றால் பக்கவாட்டில் விழுவீர்கள். தண்டைச் சுற்றித் தொடை எலும்பு உடைவது அப்படிப்பட்ட விழுதலில்தான். பக்கவாட்டில் மெத்தை வைத்த உள்கால்சட்டை போடுவது நல்லது.

பூட்டின் அடியில் ஒட்டிய பனியை ஒவ்வொரு முறையும் சுரண்டிவிட்டே ஸ்கீயில் ஏறுங்கள். பனிக்கட்டி இடையில் இருந்தால் பைண்டிங் கணக்கு எதுவும் செல்லாது.

டிசம்பர் 9

சரிவில் எடுக்கும் கவனத்தைப் பூட் மாட்டும் அறையில் யாரும் எடுப்பதில்லை. கொக்கிகள் பூட்டின் வெளிப்பக்கம் இருக்கின்றன. தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்து அவற்றைப் பிடிக்கக் கை நீட்டும்போது உடம்பு குனிகிறது, முட்டி உள்ளே சாய்கிறது, குதிகால் வெளியே போகிறது. பின்பக்கமாகத் திறந்தவர்களுக்கு விலக்கச் சொன்ன மூன்று அசைவும் ஒரே நொடியில் சேர்ந்துவிடுகின்றன. தடை முறைப்படி நீங்கி மாதங்கள் ஆனாலும் இந்தச் சேர்க்கை வேண்டாம்.

முட்டியைவிட இடுப்பு உயரமாக இருக்கும் இருக்கை தேவை. பூட்டை இரவு முழுக்கச் சூடான அறையில் வையுங்கள். காரில் கிடந்த பிளாஸ்டிக் கல்லாகிவிடும். எல்லாக் கொக்கிகளையும் பட்டையையும் திறந்து, பூட்டின் நாக்கை வெளியே இழுத்து, கம்பியைப் பிடித்து நின்றபடி காலை நேராக உள்ளே இறக்குங்கள். கொக்கி மாட்டுவதை உடன் வந்தவரிடம் விடுங்கள். கழற்றும்போது திருகி இழுக்காதீர்கள். பின்பக்கம் திறக்கும் பூட்டுகள் மறுபடி கிடைக்கின்றன. மூட்டு மாற்றியவர்களுக்கு அவை நல்ல தேர்வு.

டிசம்பர் 16

முதல் நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். அதற்கு முன் டிஷ்மா பள்ளத்தாக்கில் சமதளத்தில் கிளாசிக் கிராஸ் கன்ட்ரி, அதாவது தடத்தில் நடப்பதுபோல் சறுக்கும் ஸ்கீ, சில நாள் பழகுவது நல்லது. சமநிலை திரும்பும், வேகம் இருக்காது.

எர்ன்ஸ்ட் கான்ஸ்டாமின் இழுவை லிப்ட் 1934 டிசம்பரில் இதே ஊரில் போல்கன் சரிவில்தான் ஓடத் தொடங்கியது. ஆனாலும் முதல் வாரம் டி-கம்பி (இருவரைச் சேர்த்து மேலே இழுக்கும் டி வடிவக் கம்பி) வேண்டாம். தடத்தின் பள்ளத்தில் ஸ்கீ சிக்கினால் கால் திரும்பும். பக்கத்தில் நிற்பவர் குட்டையாக இருந்தால் இடுப்பு கோணலாக இழுபடும். நாற்காலி லிப்டில் ஏறுமுன் வேகத்தைக் குறைக்கும்படி பணியாளரிடம் சொல்லுங்கள். கால்தாங்கியைப் பயன்படுத்துங்கள், தொங்கும் பூட்டும் ஸ்கீயும் மூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஜனவரி 13

மதியத்துக்கு மேல் பனி இளகிக் குவியும், தொடையும் களைத்திருக்கும். இரண்டும் சேரும் நேரத்தில் வீடு திரும்பிவிடுங்கள். விழுந்தால் முதலில் ஸ்கீகளைக் கழற்றுங்கள். கைகளையும் முட்டிகளையும் ஊன்றி, நல்ல காலை முன்னால் வைத்து எழுங்கள்.

பிப்ரவரி 3

மறுநாள் தசை வலித்து இரண்டு நாளில் அடங்கினால் கவலை இல்லை. கவட்டையில் ஆழமாக வலித்தால் கிண்ணத்தையும், தொடை நடுவில் முதல் அடிகளில் வலித்தால் தண்டையும் சந்தேகிக்க வேண்டும். ஸ்கீயை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள்.

விழுந்தபின் கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்தால் பின்புறமாக மூட்டு நழுவியிருக்கலாம். வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எலும்பு முறிவாக இருக்கலாம். காலை நேராக்க யாரும் இழுக்கக்கூடாது. மேற்பக்கம் இரண்டு ஸ்கீகளைக் குறுக்காக நட்டு, பாதை வரைபடத்தில் உள்ள மீட்புக் குழு எண்ணை அழையுங்கள். ஹெலிகாப்டருக்கு சுவிஸ் வான்மீட்பு அமைப்பான ரேகாவின் (Rega) 1414. மூட்டின் விவரங்கள் உள்ள அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். மூட்டைத் திரும்ப அமர்த்த மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால் தண்ணீரோ தேநீரோ கொடுக்காமல் போர்வையால் மட்டும் மூடி வையுங்கள்.