எர்த் வயர்தான் காரணம்

என் சின்ன காருக்கு இருபது வயது. மழை நாளில் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட்டும் மங்கிவிடும். பேட்டரி போச்சு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட், நல்ல சார்ஜ். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, மகனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 2 வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயர் சரியில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

போல்ட்டைக் கழற்றினேன். வயர் முனையில் இருக்கும் உலோக வளையம், அதாவது லக், முழுக்கப் பச்சைக் களிம்பு, விரலில் மாவு மாதிரி ஒட்டியது. செம்பு மின்னும்வரை எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! சரி, அடுத்து பாதியில் நிற்கும் வைப்பர்.